மோட்டார் கதவுக்கு ஓர் உள்சட்டை

மோட்டார் வண்டியின் வெளி மேனியைப் பார்ப்பவர்கள் ஊரார். உட்புறத்தைப் பார்ப்பவர்கள் வீட்டார். வெளியே பளபளவென்று வர்ணம் பூசிக் கொண்டு கம்பீரமாக நிற்கும் எத்தனையோ பழைய அம்பாஸடர் வண்டிகளின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தால், முழங்கைக்குப் பக்கத்தில் ரெக்ஸின் கிழிந்து தொங்குகிறது. அதற்குப் பின்னால் உள்ள அட்டை, மழையில் நனைந்த அப்பளம் போல் நெளிந்திருக்கிறது. கீழ் ஓரத்திலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்து புடவையில் ஒட்டிக் கொள்கிறது. வீட்டு அம்மாள் அந்தத் தூளைத் தட்டிவிட்டுக் கொண்டே, "இந்த வண்டியை யாருக்காவது கொடுத்துத் தொலைத்தால் என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அந்த வண்டியின் ஆயுள் அநேகமாக முடிந்தது என்றே வைத்துக் கொள்ளலாம். இயந்திரம் கெட்டு விலை போகும் வண்டிகளைக் காட்டிலும், இம்மாதிரி முகச் சுளிப்பினால் விலை போகும் வண்டிகளே அதிகம் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

கதவின் உட்புறத்து இரும்பை மறைக்கும் இந்தப் பலகையைப் பட்டறைக்காரர்கள் 'டோர் பேட்' என்று சொல்கிறார்கள். இங்கிலாந்தில் செய்யப்பட்ட மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் அச்சிலே வார்த்து, 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்தில் உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கிய அம்பாஸடரின் கதை 2014-ம் ஆண்டு மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலை நின்றதோடு முடிந்தது. பம்பாய்க் குர்லாவில் பிறந்த பத்மினி அதற்கும் முன்பே நின்று விட்டது. ஆகையால் புதிய டோர் பேட் வேண்டுமென்று கடையில் கேட்டால், கடைக்காரர் நம்மை ஒரு விதமாகப் பார்க்கிறார். பழைய சாமான் கடையில் கிடைப்பவையோ, நம்முடைய வண்டியில் இருப்பதைப் போலவே நனைந்து ஊறினவை. போதாக்குறைக்கு, 15 வருஷம் கடந்த சொந்தக் கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ம் ஆண்டு ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதன் பின்னும் ஏறியிருக்கிறது. இந்தச் செலவையெல்லாம் சமாளித்து, தகப்பனார் ஓட்டிய வண்டியை வைத்துக் காப்பாற்ற நினைக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தார், நாலு கதவுகளுக்கு உள்சட்டை தைக்கப் பெரும் தொகை கொடுக்க முடியாமல் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

ஆனால் இதில் திகைப்பதற்கு ஒன்றுமே இல்லை. டோர் பேட் என்பது ஒரு பலகை, அதன்மேல் கொஞ்சம் பஞ்சு மெத்தை, அதன்மேல் ஒரு துணி, அவ்வளவுதான். வீட்டில் கோலமாவு டப்பாவுக்குக் கலர்க் காகிதம் ஒட்டத் தெரிந்த பெண்களும், பட்டம் கட்டத் தெரிந்த பையன்களும் உள்ள குடும்பத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலை முடிந்து விடும்.

பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பழைய பலகை ஏன் கெட்டது என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். இதைத் தெரிந்து கொள்ளாமல் புதிதாகச் செய்து மாட்டுகிறவர்கள், அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடியும் செய்து மாட்ட வேண்டியதுதான். கதவுக்குள் தண்ணீர் போகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், மழை பெய்யும் போதெல்லாம் கண்ணாடியின் மேல் வழியும் நீரில் ஒரு பங்கு, கண்ணாடிக்கும் ரப்பர்ப் பட்டைக்கும் உள்ள இடுக்கு வழியாகக் கதவின் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்கிறது. வண்டியைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவின் அடி ஓரத்தில் சிறு துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இறங்கிய நீர் அந்த வழியாகத் தெருவில் சொட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளே தெறிக்கும் நீர் பலகையின் முதுகில் படாமலிருக்க, இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மெழுகுத் தாளோ பாலிதீன் தாளோ ஒட்டியிருப்பார்கள்.

இனி நடந்தது என்ன? ஏதோ ஒரு சமயம் கண்ணாடி ஏற்றும் சாதனம் பழுதாகி, ஒரு பட்டறைக்காரர் பலகையைக் கழற்றியிருப்பார். அப்போது அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருப்பார். திருப்பி மாட்டும்போது, 'இது எதற்கு?' என்று விட்டிருப்பார். அடித் துவாரங்களோ, இருபது முப்பது வருஷத்துப் புழுதியும் இலைச் சருகும் சேர்ந்து அடைத்துப் போயிருக்கும். கதவு ஒரு குட்டிக் குளமாகிறது. பலகை அந்தக் குளக்கரையில் நின்று தண்ணீர் குடிக்கிறது.

அது குடிப்பதற்கும் காரணம் உண்டு. பழைய டோர் பேட்டுகளின் பலகை பெரும்பாலும் ஹார்ட்போர்டு என்னும் அழுத்திய அட்டை. அமெரிக்காவில் மிஸிஸிபி மாகாணத்து லாரல் என்ற ஊரில் வில்லியம் மேஸன் என்பவர் 1924-ம் ஆண்டில் கண்டுபிடித்த முறை அதற்கு மூலம். மர அறுவை ஆலைகளில் வீணாகிப் போகும் சிராய்களை உயர்ந்த நீராவி அழுத்தத்தில் வைத்துத் திடீரென்று திறந்து விட்டால், அவை வெடித்து நாராகப் பிரிந்து விடும். அந்த நாரைச் சூட்டோடு அழுத்தினால், மரத்திலேயே உள்ள பிசின் போன்ற சத்து நார்களை ஒன்றோடொன்று பிணைத்து விடுகிறது. மலிவான, வழுவழுப்பான, வளைந்து கொடுக்கும் சரக்கு. ஆனால் நார் நார்தானே! ஓரங்களின் வழியாக ஈரம் ஏறினால் அது உப்பிக் கொள்ளும். உப்பிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. பலகையின் ஓரத்தைத் தொழிற்சாலையில் எவரும் பூசி அடைக்கவில்லை. வீட்டில் செய்கிற நாம் அதைப் பூசி அடைக்கப் போகிறோம். கம்பெனிச் சரக்கை விட வீட்டுச் சரக்கு நீடித்து உழைக்குமென்று தைரியமாகச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது பலகையைக் கழற்றுவோம். கைப்பிடிகளைக் கழற்றுவதில்தான் அநேகர் பொறுமை இழந்து, திருப்புளியைக் கடப்பாரையாக உபயோகிக்கிறார்கள். கைப்பிடி எப்படிப் பிடித்துக் கொண்டிருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் நடுவில் ஒரு திருகாணி கண்ணுக்கே தெரியும். சிலவற்றில் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால், கழுத்தில் குறுக்காகச் செருகிய சிறு ஆணி ஒன்று தலை காட்டும்; மெல்லிய கம்பியால் அதைத் தள்ளினால் கைப்பிடி கையோடு வந்து விடும். இன்னும் சிலவற்றில் குதிரை லாட வடிவமான வில் கம்பி ஒன்று உள்ளே கவ்விக் கொண்டிருக்கும். இதற்கு ஒரு வேடிக்கையான உபாயம் இருக்கிறது. பழைய வேஷ்டிக் கரையில் ஒரு துண்டு கிழித்து, கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு, முதுகு தேய்ப்பது போல இரண்டு கைகளாலும் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். வில் கம்பி துணியில் மாட்டிக் கொண்டு 'டிங்' என்று தெறிக்கும். அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கென்றே ஒரு குழந்தையை நிறுத்தி வைப்பது நல்லது.

கழற்றுவதற்கு முன் கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டு, கைப்பிடி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று சாக்குக் கட்டியால் குறித்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்கு கதவுகளிலும் கைப்பிடிகள் நான்கு திசைகளைப் பார்த்து நின்று கண்ணை உறுத்தும். பிறகு பட்டிக் கத்தியைப் பலகையின் ஓரத்தில் நுழைத்து, ஒவ்வொரு கிளிப்பின் பக்கத்திலும் மெள்ள நெம்ப வேண்டும். கிளிப்புகளுக்கு நடுவில் நெம்பினால் பலகை உடையும். சில வண்டிகளில் பலகைக்குப் பின்னால் கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கூம்பு வடிவமான சுருள் வில் ஒன்று இருக்கும். அது கதவுக்குள் விழுந்து விடாமல் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

பலகை வந்ததும் கதவைச் சுத்தம் செய்யுங்கள். அடித் துவாரங்களைக் கம்பியால் குத்தி, மேலிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், முதலில் காப்பி நிறத்திலும் பின்பு தெளிந்தும் நீர் வெளியே வரும். துரு பிடித்த இடங்களைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு பூசுங்கள். கண்ணாடி ஏற்றும் பற்சக்கரங்களுக்குச் சிறிது கிரீஸ் தடவுங்கள். இன்னொரு முறை அதைப் பார்க்கும் சந்தர்ப்பம் சீக்கிரத்தில் வரப் போவதில்லை.

மாதிரி எடுப்பது அடுத்த கட்டம். பழைய பலகை ஓரளவு உருவம் கெடாமல் இருந்தால், அதையே புதிய பலகையின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து கொள்ளலாம். அது தூளாகிவிட்டிருந்தால்? அதற்கும் வழி உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுக்காத பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான்? அதே வித்தைதான். புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புக் காகிதத்தைக் கதவின் இரும்பின் மேல் இழுத்து ஒட்டி, கரித் துண்டால் தேய்த்தால், கிளிப் துவாரம், கைப்பிடித் தண்டு, கதவின் ஓரம் எல்லாம் கறுப்புக் கோடாக எழும்பி வரும். நம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் இந்தக் காரியத்தை ஒப்படைத்தபோது, கால் மணி நேரத்தில் துல்லியமாக எடுத்துக் கொடுத்து விட்டார்கள். பூகோளப் படம் வரையச் சொன்னால் மட்டும் ஒரு வாரம் ஆகிறது!

வலது கதவும் இடது கதவும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்றவை. ஒரு பக்கத்து மாதிரியைத் திருப்பிப் போட்டால் மறு பக்கத்துக்கு ஆகும். ஆகையால் பலகையை வெட்டியவுடனேயே 'இடது முன்', 'வலது பின்' என்றும், 'இது முதுகு' என்றும் எழுதி விடுங்கள். இரண்டு இடது கதவுகளுக்குப் பலகை செய்து வைத்துக் கொண்டு, வலது கதவைப் பார்த்து விழிக்கும் வீடுகள் உண்டு.

எந்தப் பலகை வாங்குவது? கடையில் மூன்று நான்கு விதமாகச் சொல்வார்கள். ஹார்ட்போர்டு மலிவு, பூசி அடைத்தால் போதுமானது. பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் சித்திரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் அடிக்கும் அனலில் அது இளகி நெளியும். கடைகளின் பெயர்ப் பலகைக்கு உபயோகிக்கும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகையின் வெட்டுத் துண்டுகள் கிடைத்தால் சில்லறை விலைக்கு வாங்கலாம். ஓரம் கத்தி போல் இருக்குமாகையால் நன்றாக அரம் போட வேண்டும். நம்முடைய ஓட்டு 4 மில்லி மீட்டர் பிளைவுட்டுக்கு. ஐ.எஸ். 710 என்ற முத்திரையுள்ள கடல் தரப் பிளைவுட் கிடைத்தால் உத்தமம். மெல்லிய கனத்தில் அது அகப்படாவிட்டால், ஐ.எஸ். 303 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் ரகம் போதும்.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'கனமாக இருந்தால் பலமாக இருக்குமே' என்று 6 மில்லி மீட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. கைப்பிடி மாட்டும் தண்டின் நீளம் அளவாகத்தான் இருக்கும். பலகையும் மெத்தையும் துணியும் சேர்ந்து பழைய கனத்துக்கு மேல் போனால் கைப்பிடி தண்டில் முழுதும் உட்காராது, கிளிப்பும் கவ்வாது. பழைய பலகையின் மூலையில் அளந்து பார்த்துக் கொண்டு கடைக்குப் போவது புத்திசாலித்தனம்.

அளவுக் கணக்கையும் பார்த்து விடுவோம். பலகை ஒன்று 36 அங்குல நீளமும் 22 அங்குல உயரமும் என்று வைத்துக் கொள்வோம். உங்கள் வண்டியின் அளவை நீங்களே எடுத்துக் கொள்ள வேண்டும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றில் நாலு பலகைகளும் அடங்கி, இரண்டடி அகலத்துக்கு ஒரு துண்டு மீந்தும் விடும். ரெக்ஸின் பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. நாலு பக்கமும் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் விட்டால் ஒரு பலகைக்கு 39-க்கு 25 அங்குலம் துணி தேவை. அகலத்தில் இரண்டு அடங்கும். ஆக 78 அங்குலம், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டேகால் மீட்டர் வாங்கினால் கைத்தவறுக்கும் இடமிருக்கும். 3 மில்லி மீட்டர் ஸ்பாஞ்சு, அரை லிட்டர் செயற்கை ரப்பர்ப் பசை, பாலிதீன் தாள், கிளிப்புகள் எல்லாம் சேர்த்து, கூலி நீங்கலாக, நாலாயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம். ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. எல்லாரும் வீட்டிலேயே செய்து கொண்டால், மரத்தடியில் தையல் யந்திரத்தைப் போட்டுக் கொண்டு சீட்டு உறை தைக்கும் குஷன் கடைக்காரரின் பிழைப்பு என்ன ஆகும்? நம் தெருக் கோடியில் இருப்பவரிடமே இதைக் கேட்டோம். "நாலு கதவுக்கும் கணக்குச் சொன்னால், அப்புறம் பார்க்கலாம் என்று போய்விடுகிறார்கள், ஸார். வண்டி அடுத்த வருஷம் காயலான் கடைக்குப் போகிறது. பலகையை நீங்களே அறுத்துக் கொண்டு, துணியில் தையல் கோடு மட்டும் என்னிடம் போட்டுக் கொள்ளுங்களேன்! வண்டி ஓடினால்தானே நாளைக்குச் சீட்டு உறைக்கு என்னிடம் வருவீர்கள்?" என்றார். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக் கொள்ளலாம். பழைய அம்பாஸடர் பாணியில் நெடுக்காகத் தையல் கோடுகள் வேண்டுமானால் வீட்டுத் தையல் யந்திரத்தின் ஊசி ரெக்ஸினையும் ஸ்பாஞ்சையும் சேர்த்துத் தாங்காது. அந்தப் பகுதியை அவரிடம் கொடுத்து, அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தையல் துணியைச் சற்றுச் சுருக்குமாகையால் வெட்டுவதற்கு முன்பே தைக்கச் சொல்ல வேண்டும். அப்படியானால் கால் மீட்டர் அதிகமாகவும் வாங்க வேண்டும்.

அறுப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை. மெல்லிய பல்லுள்ள ரம்பம், ஓரத்துக்கு உப்புத்தாள். துவாரங்கள் போட்டு முடித்த பிறகு, துணி சுற்றுவதற்கு முன்னால், பலகையை ஒருமுறை கதவில் வைத்துப் பார்த்து விடுங்கள். ஓரத்தில் துணி மடிந்து வருவதற்குச் சுற்றிலும் ஒன்றரை மில்லி மீட்டர் குறைவாக இருக்க வேண்டும். பிறகு முதுகுக்கும், ஓரங்களுக்கும், ஒவ்வொரு துவாரத்தின் உட்சுவருக்கும் இரண்டு முறை வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். முகப்புக்கு வேண்டாம், அங்கே பசையே பூச்சாகி விடும்.

ரப்பர்ப் பசையைச் சாதாரணக் கோந்து போல் நினைத்து, ஒரு பக்கம் தடவி உடனே ஒட்டினால் ஒட்டாது. பலகை, ஸ்பாஞ்சு இரண்டிலும் மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்தது சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. ஆகவே ஒரு ஓரத்திலிருந்து படிப்படியாக அழுத்திக் கொண்டு போக வேண்டும். இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பற்றும். மூக்கில் ஏறினால் தலையும் சுற்றும். சமையலறைக்கும் விளக்கேற்றும் பூஜை அறைக்கும் எட்டாமல், மொட்டை மாடியிலோ திண்ணையிலோ வைத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளை இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தள்ளி நிற்கச் சொல்வது அவசியம்.

ரெக்ஸின் என்று நாம் இன்று சொல்வது பி.வி.சி. பூசிய துணி. அந்தப் பெயர் முதலில் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் செயற்கைத் தோலுக்கு உரியது. அது பருத்தித் துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசியது. சரக்கு மாறியும் பெயர் நிலைத்து விட்டது. துணியை அரை மணி நேரம் வெயிலில் காய வைத்து எடுத்தால், வாழை இலையைத் தணலில் வாட்டியது போல் துவண்டு நம் சொற்படி கேட்கும். நல்ல முகத்தைக் கீழே போட்டு, அதன் மேல் பலகையை வைத்து, முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுப் பகுதியை மட்டும் இழுத்து ஒட்டுங்கள். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலையிலிருந்து ஆரம்பித்தால் எங்கேயாவது ஒரு சுருக்கம் அகப்பட்டுக் கொள்ளும். வளைந்த மூலைகளில் மடிப்புத் துணியில் மட்டும் முக்கோணம் முக்கோணமாக வெட்டி எடுத்தால் தடித்துக் கொள்ளாது. ஸ்டேப்பிள் ஊசி அடிக்க ஆசை வரும். 4 மில்லி மீட்டர் பலகையில் 6 மில்லி மீட்டர் ஊசி முகப்பில் எட்டிப் பார்க்கும். பசையையே நம்புங்கள். கைப்பிடித் துவாரத்தில் துணியை வட்டமாக வெட்டாமல், நட்சத்திரம் போல் கீறி முதுகுப் பக்கம் மடித்து ஒட்டினால் பின்னால் கிழியாது.

கிளிப்புகள் துருப்பிடித்திருந்தால் பழையதில் ஒன்றைக் கையில் எடுத்துக் கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள். எந்தக் கிளிப்பும் கிடைக்காவிட்டால், பித்தளைத் திருகாணியும் அதற்குக் கீழே கிண்ண வடிவ வாஷரும் போடலாம். பார்ப்பதற்கு லட்சணமாகவே இருக்கும். ஆனால் திருகாணி குட்டையாக இருக்க வேண்டும். நீளமான திருகாணி உள்ளே போய், இறங்கி வரும் கண்ணாடியில் கீறல் போடும். சில சமயம் கண்ணாடியையே உடைக்கும்.

மாட்டுவதற்கு முன், மறக்கக் கூடாத பாலிதீன் தாள். கதவின் இரும்பை முழுதும் மறைக்கும்படி அதை ஒட்டி, அதன் கீழ் ஓரத்தை மட்டும் கதவின் அடிப் பகுதியிலுள்ள பிளவு வழியாகக் கதவுக்கு உள்ளே செருகி விட வேண்டும். ஓலைக் கூரையில் மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் படிந்து நீரை வெளியே தள்ளுவது போல, தாளில் வழியும் நீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழுந்து துவாரம் வழியாகப் போய்விடும். கீழ் ஓரத்தை வெளியே விட்டால், தாளில் இறங்கும் நீரெல்லாம் நேராகப் புதிய பலகையின் அடியில் போய்ச் சேரும். இவ்வளவு உழைப்பும் இந்த ஒரு மடிப்பைப் பொறுத்திருக்கிறது.

தாள் ஒட்டியதும், பலகையை மாட்டாமலே கண்ணாடியை ஏற்றி, வெளியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரைக் கண்ணாடியின் மேல் சாவகாசமாக ஊற்றிப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் உலர்ந்திருந்து, கதவின் அடியில் தாரை தாரையாக நீர் கொட்டினால், பலகையை மாட்டலாம். எங்கேயாவது கசிந்தால் அந்த இடத்தை உலர்த்தி மறுபடி ஒட்டுங்கள். ஒரு கதவை முழுதும் முடித்த பின்பே அடுத்த கதவைக் கழற்றுவது நல்லது. ஐயம் வந்தால் பார்த்துக் கொள்ள, கழற்றாத கதவு ஒன்று எதிரே இருக்கும்.

மீந்த பிளைவுட் துண்டை எறிய வேண்டாம். பின் சீட்டுக்குப் பின்னால், கண்ணாடியின் கீழே வெயிலில் காய்ந்து கிடக்கும் தட்டுப் பலகையையும் தட்டிப் பாருங்கள். அதுவும் அநேகமாக அப்பளமாகத்தான் இருக்கும். துண்டு அகலத்துக்குப் போதாவிட்டால் நடுவில் ஒரு சட்டம் கொடுத்து இரண்டாகச் சேர்க்கலாம். மேலே துணி வந்து விடுவதால் ஒட்டு வெளியே தெரியாது.